வீட்டுக்கு ஒரு மூச்சு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். என் மகள் சுபா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"ரிசல்ட்டு ரொம்ப நல்லா வந்துருக்குதுப்பா" என்றாள், எழவுச் சேதி சொல்கிற குரலில்.

ஊர் ஆரோக்கியமாக இருந்தால் அழுகை வருகிற ஒரு படிப்பு இருக்கிறது. அதைத்தான் என் பெண் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தொற்றுநோயியல், உயிரிப் புள்ளியியல், பொது சுகாதாரம்... ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யவே எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது.

கல்யாண வீடுகளில் கேட்பார்கள்.

"பொண்ணு டாக்டருக்கா படிக்குது?"

"இல்லீங்க."

"அப்ப நர்ஸா?"

"இல்லீங்க. நோய் யாருக்கு வருது, எதனால வருது, எத்தினி பேருக்கு வருதுன்னு கணக்கெடுக்கிற படிப்பு."

"ஓ... சென்சஸா" என்று முடித்துவிட்டு பந்திக்குப் போய்விடுவார்கள்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். வெளியூர் கிளம்பினால் பஸ் ஸ்டாண்டு வரை போய், கேஸை மூடினோமா என்று திரும்பி வருகிறவன். மூடியிருக்கும். மூடியதைப் பார்த்தோமா என்று மறுபடி திரும்பி வருகிறவன். இப்படிப்பட்டவன் வீட்டில் நோயைப் பற்றிப் படித்த ஒரு பிள்ளை இருந்தால் எவ்வளவு ஆறுதல்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் இடது கண் துடித்தது. கேட்டேன்.

"ஆயிரம் பேருக்குத் துடிச்சா சொல்லுவேன்ப்பா. ஒருத்தரை வச்சு எங்களால ஒண்ணும் சொல்ல முடியாது."

"அந்த ஒருத்தன் ஒங்கப்பன்மா."

"அப்பாவுக்குன்னு தனிக் கணக்கு கெடையாதுப்பா."

லட்சம் பேருக்கு என்ன ஆகும் என்று சொல்வார்களாம். எனக்கு என்ன ஆகும் என்று மட்டும் சொல்ல மாட்டார்களாம். ஜோசியக்காரர் இதற்கு நேர்மாறு — அதனால்தான் அவர் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுபாவுக்குக் கடைசி வருடம். ஒரு ஆய்வு செய்து கொடுத்தால்தான் பட்டம். எங்கே செய்வது? விருத்தாசலத்துக்காரிக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பீங்கான் பொம்மை செய்கிற செராமிக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களின் மூச்சு எப்படி இருக்கிறது — இதுதான் அவள் ஆய்வு.

எங்கள் ஊரில் பாதிப் பேர் ஏதாவது ஒரு காலத்தில் 'செராமிக்குக்குப் போனவர்கள்'. மண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றிப் பொம்மை எடுப்போம். காய்ந்ததும் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சுரண்ட வேண்டும். சுரண்டும்போது முகப்பவுடர் மாதிரி தூள் பறக்கும். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து கல்யாணம் ஆகும் வரை நானும் பிசிறு சுரண்டியவன்தான். அப்புறம்தான் பந்தல், நாற்காலி, மைக் செட் வாடகைக்கு விடும் தொழிலுக்கு வந்தேன். மழைக்காலத்தில் எனக்கு ஒரு இருமல் வரும். மாடி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

கண் துடித்ததற்கே பயந்தவன், இதைப் பற்றி மட்டும் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. எதைக் கேட்கக்கூடாது என்று பயந்தாங்கொள்ளிக்குத்தான் தெரியும்.

முதலில் சுபா ஒரு கம்பெனிக்குப் போனாள். முதலாளி நல்ல மனிதர். டீ, பிஸ்கட் எல்லாம் கொடுத்து, "நல்ல ஆளா பொறுக்கி நிறுத்தியிருக்கேம்மா. ஒருத்தன்கிட்டகூட நீ ஒரு கொற சொல்ல முடியாது" என்றாராம். மாப்பிள்ளை காட்டுகிற மாதிரி. மூச்சை அளக்கிற மிஷினில் அவர்களும் ஊதித் தள்ளிவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவளுடைய பேராசிரியை போனிலேயே பிடித்துவிட்டார். உள்ளே வேலை செய்கிறவர்களை மட்டும் பார்த்து என்ன பிரயோஜனம், தெருவுக்குப் போ என்று. சுபா எனக்கு விளக்கினாள்.

"மூச்சு முட்டுனவங்கல்லாம் எப்பவோ வேலைய வுட்டு நின்னுருப்பாங்கப்பா. தாக்குப்புடிச்சவங்கதான் உள்ள இருப்பாங்க. அவங்களை மட்டும் எண்ணுனா, தூளு ஒடம்புக்கு நல்லதுன்னுகூட முடிவு வந்துரும். இதுக்கு ஒரு பேரு இருக்குது..."

எனக்குப் பேர் தேவைப்படவில்லை. அந்தப் பேரிலேயே நான் வாழ்ந்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு முடிவில் ஹெட்மாஸ்டர் என் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். கோபமாக இல்லை, அன்பாகத்தான் சொன்னார். "இவன் பத்தாவது பரீட்சை எழுதுனா ஸ்கூலோட சராசரி எறங்கிடும். ஏதாவது தொழில்ல வுடுங்க." மறுவருடம் பள்ளிக்கூட வாசலில் போர்டு வைத்தார்கள்: 'நூறு சதவீதம் தேர்ச்சி'. செராமிக்குக்கு சைக்கிளில் போகிற வழியில் அதைப் படித்தேன். நம்ம ஸ்கூலாச்சே என்று பெருமையாகக்கூட இருந்தது. அந்த நூறு சதவீதத்துக்கு நான் செய்த உதவி யாருக்குத் தெரியும்?

இதைச் சொன்னதும் சுபா சிரிக்கவில்லை. "அதேதான்ப்பா" என்றாள்.

அப்புறம் எங்கள் பக்கத்துத் தெருக்களில் செராமிக்குக்குப் போனவர்கள், போய்க்கொண்டிருப்பவர்கள் எல்லோர் வீட்டையும் எழுதி, கம்ப்யூட்டரைக் குலுக்கல் போடச் சொன்னாள். வீட்டுக்கு ஒரு ஆள் — யார் என்பதையும் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். எங்கள் வீடும் விழுந்தது. ஆள்? நான்தான்.

"அடிச்சுடும்மா. சொந்த வூட்டையே எடுத்துக்கிட்டான்னு நாலு பேரு சொல்லுவாங்க."

"விழுந்ததை அடிக்கக் கூடாதுப்பா. மாத்தவும் கூடாது. ஒன்னை நான் தொட மாட்டேன். ஆம்பளைங்களை ஆல்பர்ட்டுதான் பாப்பான்."

ஆல்பர்ட் அவளோடு படிக்கிற பையன். திட்டக்குடிக்காரன். உதவிக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சமுதாயக்கூடத்தில் கேம்ப். பெண்களுக்கு உள்ளே, ஆண்களுக்கு வெளியே என் பந்தலில். சுபா முன்கூட்டியே வீடு வீடாகப் போய் வயது, வேலை பார்த்த வருஷம் எல்லாம் கேட்டு எழுதி, ஒரு சீட்டு கொடுத்திருந்தாள். வீட்டு நம்பரும் வயதும் மட்டும் அதில் இருக்கும். சீட்டைக் காட்டிவிட்டு மிஷினில் ஊத வேண்டியதுதான்.

என் கவலை என்ன தெரியுமா? ஒருத்தரும் வராமல் போய்விட்டால்? பந்தல்காரனுக்குக் காலி நாற்காலியைவிடக் கெட்ட சகுனம் கிடையாது. சனிக்கிழமை சுபா மிஷினை மறுபடி இரவல் வாங்க வெளியூர் போயிருந்தாள். நான் ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகக் கிளம்பிவிட்டேன்.

"சீட்டு வாங்கின வீட்டார் அனைவரும் தவறாமல் வரவும்... வேலை மெனக்கெட்டு எல்லாரும் வரணும்னு இல்லை... வீட்டுக்கு ஒருத்தர் வந்து ஊதிட்டுப் போனா போதும்..."

கடைசி வரி நானாகச் சேர்த்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணமோ சாவோ பஞ்சாயத்தோ, அதுதானே வழக்கம்? வீட்டுக்கு ஒருத்தர் தலை காட்டினால் எல்லோரும் வந்த மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை பந்தல் நிறைந்துவிட்டது. அயர்ன் பண்ணின சட்டையும் வேட்டியுமாக ஆண்கள். கூடவே அவர்களைத் தள்ளிக்கொண்டு பெண்கள். ஊதுகிற மிஷின் என்றால் எங்கள் ஊருக்கு ஒரே அர்த்தம்தான் — ரோட்டில் போலீஸ்காரர் நீட்டுவாரே, அது.

"நல்லா ஊதச் சொல்லுங்க தம்பி. நேத்து சம்பளம். எங்க போயிட்டு வந்தாருன்னு தெரியணும்" என்றது ஒரு அம்மா.

"அக்கா, இது அந்த மிஷின் இல்லக்கா" என்றான் ஆல்பர்ட்.

"எந்த மிஷினா இருந்தா என்னா? வாய்ல வச்சா தெரியாமலா பூடும்?"

அந்தக் கூட்டத்தில் ஆல்பர்ட் சீட்டைப் பார்த்து வயதைத் தட்டுவான், கம்ப்யூட்டரைப் பார்ப்பான், "ஊதுங்க, ஊதுங்க" என்பான். எதிரே உட்கார்ந்திருக்கும் முகத்தைப் பார்க்க அவனுக்கு நேரமே இல்லை. கோடு மட்டும் திரையில் ஜிவ்வென்று ஏறியது.

எங்கள் வீட்டுச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. நாற்காலி எடுத்துப் போட ஆள் இல்லை, டீ சொல்ல வேண்டும், வயர் லூசாக இருக்கிறது... எனக்கு எவ்வளவு வேலை? என் மச்சான் குமார் சும்மா நின்றுகொண்டிருந்தான். பொங்கலுக்குப் பொங்கல் கபடி ஆடுகிறவன். சீட்டை அவன் கையில் வைத்தேன். "நம்ம வூட்டு சார்பா போயிட்டு வா."

போனான். ஊதினான். மிஷினே பின்னால் நகர்ந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

"அங்கிள், இந்த ஊருல எல்லார் நுரையீரலும் வயசைவிட எளமையா இருக்குது" என்றான் ஆல்பர்ட், டீயை வாங்கிக்கொண்டே.

"சூளையில வெந்த ஊரு தம்பி. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அந்தச் சாயங்காலம்தான் நான் முதலில் சொன்ன சாயங்காலம்.

அவள் நல்லா வந்திருக்கிறது என்றது ஆண்களின் கணக்கை. பிரமாதம். விளையாட்டு வீரர்களின் நுரையீரல். பெண்களின் கணக்கு? ஒவ்வொன்றும் கீழே, கீழே. ஆல்பர்ட் துள்ளிக்கொண்டிருந்தான். "ஆம்பளைக்கு ஒரு மாதிரி, பொம்பளைக்கு ஒரு மாதிரி. இதை வச்சே தனியா ஒரு பேப்பர் எழுதலாம் சுபா."

சுபா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரே கம்பெனி, ஒரே தூளு. மண்ணு ஆம்பளைய வுட்டுட்டுப் பொம்பளைய மட்டுமா புடிக்கும்?"

அந்த நேரம் பார்த்து, டீ பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க பக்கத்து வீட்டு சரோஜா அக்கா வந்தது. அதன் வீட்டுக்காரர் மாணிக்கம் அண்ணன் செராமிக்கில் எனக்கு சீனியர். குலுக்கலில் விழுந்தவர்.

"அக்கா, அண்ணன் சூப்பரா ஊதியிருக்காரே" என்றாள் சுபா.

"அவரு எங்கடி ஊதுனாரு? எங்க மாப்ளயில்ல வந்தாரு."

சுபா லேப்டாப்பைக் கீழே இறக்கி வைத்தாள்.

"ஏங்க்கா அவரை அனுப்பல?"

"லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டு சபையில வந்து நின்னா நல்லாவா இருக்கும்? சென்னையிலேருந்து படிச்ச புள்ளைங்க வந்துருக்குது. நல்லா ஊதுற ஆளா அனுப்பணும்ல? எல்லா வூட்லயும் அப்படித்தான் அனுப்புனாங்க. எதிர் வூட்டுக்காரன் ஜிம்முக்குப் போற தம்பிய அனுப்பிச்சான்."

"அப்ப பொம்பளைங்க மட்டும் ஏன் அவங்களே வந்தாங்க?"

சரோஜா அக்கா சிரித்தது. "பொம்பளைக்குப் பதிலா யாருடி வருவா? அவ மூச்சை அவதான் ஊதணும்."

வாசல் வரை போன அக்கா சும்மா போயிருக்கலாம். திரும்பி நின்று, "ஒங்கப்பாதான மைக்ல சொன்னாரு, வூட்டுக்கு ஒருத்தர் போதும்னு" என்றும் சொல்லிவிட்டுப் போனது.

சுபா என்னைப் பார்த்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"நம்ம வூட்ல யாருப்பா ஊதுனது?"

"குமாரு மாமா..."

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை.

"இருமுறவங்களையெல்லாம் வூட்லயே நிறுத்திட்டு, ஊருக்கு நூறு சதவீதம் வாங்கிக் குடுத்துட்டப்பா."

சைக்கிளில் போகிற ஒரு பையன் போர்டைப் படித்துக்கொண்டு நிற்பது என் கண்ணுக்குள் தெரிந்தது. ஹெட்மாஸ்டர் ஒரு பையனைத்தான் வெளியே நிறுத்தினார். நான் மைக் வைத்து ஒரு தெருவையே நிறுத்தியிருக்கிறேன்.

ஆண்கள் கணக்கு முழுவதையும் அவள் அழித்தாள். மறு ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுபடி எடுக்க வேண்டும். அதற்கு மேல் மிஷினும் நிற்காது, அவள் லீவும் நிற்காது. எடுக்காவிட்டால் பாதி ஆய்வு. பாதி ஆய்வுக்குப் பட்டம் கிடையாது.

இந்தத் தடவை மைக் இல்லை. நடந்தே போனேன், வீடு வீடாக. "சீட்டு யாருக்கோ அவரே வரணும்." லேசில் ஒத்துக்கொள்வார்களா? மாணிக்கம் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் வந்து இருமுனா ஒம் பொண்ணுக்கு மார்க்கு கொறையாதாடா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் ஏமாற்றவில்லை. பிள்ளை பாஸாக வேண்டும் என்று ஆளுக்கொரு நல்ல மூச்சைக் கொடுத்து உதவியிருக்கிறார்கள். மொய் வைக்கிற மாதிரி.

"கொறையாதுண்ணே. உள்ளது உள்ளபடி வந்தாதான் மார்க்கு."

"அதென்னடா படிப்பு அது... அப்ப நல்லா இருமிக் காட்டட்டுமா?"

"இருமல்லாம் வேணாண்ணே. ஊதுனா போதும்."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அப்புறம், "நீ ஊதிட்டியா?" என்றார்.

"இல்லண்ணே."

"பிசிறு சுரண்டுறப்ப எம் பக்கத்துலதான ஒக்காந்திருந்த? நீ மொதல்ல ஊது. அப்பறம் நான் வரேன். தெருவும் வரும்."

இப்படியாக, ஆயிரம் கவலைப்பட்டு அலைந்த நான், ஒரே ஒரு உண்மையான நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். அதுவும் என் கடை நாற்காலி.

மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டினான் ஆல்பர்ட். குழாயை வாயில் வைத்தான். பின்னால் மாணிக்கம் அண்ணன், அவருக்குப் பின்னால் தெரு.

"ஊதுங்க அங்கிள்... இன்னும், இன்னும், இன்னும்..."

அவன் 'இன்னும்' முடிவதற்குள் என் மூச்சு முடிந்துவிட்டது. மறுபடி. மறுபடியும். திரையில் கோடு கொஞ்ச தூரம் ஏறி, களைத்துப்போய் படுத்துக்கொண்டது. குமார் ஊதியபோது இந்தக் கோடா அப்படி ஏறியது?

"அங்கிள், இது ஒங்ககிட்ட மட்டும்தான் சொல்லணும்" என்று குரலைத் தாழ்த்தினான். "இருக்க வேண்டியதைவிடக் கொறையா இருக்குது. டாக்டரைப் பாக்கணும்."

எனக்கு என்ன ஆகியிருக்க வேண்டும்? கேஸைப் பார்க்கப் பாதி வழியில் திரும்புகிறவனுக்கு மயக்கம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தது. இத்தனை வருடமாகப் பயந்ததில் ஒன்றுகூட நடக்கவில்லை. யாரிடமும் கேட்காத ஒன்று சத்தமில்லாமல் உள்ளேயே இருந்திருக்கிறது. தேடித் தேடிக் கவலைப்பட்டவனுக்கு, கடைசியில் விலாசத்தோடு ஒரு கவலை கிடைத்துவிட்டது.

எழுந்தேன். மாணிக்கம் அண்ணன் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இருமலும் செருமலுமாக, அயர்ன் பண்ணாத சட்டைகளோடு ஒவ்வொருத்தராக வந்தார்கள். என் பந்தலில் இவ்வளவு சத்தம் எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை.

சமுதாயக்கூட வாசலில் சுபா நின்றாள். எதையும் கேட்கவில்லை, கேட்கக்கூடாது என்று அவர்கள் படிப்பில் சட்டம் இருக்கிறதாம். நானே சொன்னேன். அவள் என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்கிற மாதிரி நெஞ்சில் கை வைத்தாள்.

"ஒருத்தரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னியேம்மா?"

"இப்பவும் சொல்ல முடியாதுதான்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "காலையில ரெடியா இருப்பா. நெஞ்சு டாக்டர்கிட்ட போறோம்."

போனோம். எக்ஸ்-ரே எடுத்தார்கள். உறிஞ்சுகிற மருந்து கொடுத்திருக்கிறார்கள். தூசியைக் கண்டால் ஒதுங்கு, மாதாமாதம் வா என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி பெஞ்சில் மாணிக்கம் அண்ணனும் உட்கார்ந்திருந்தார். தெருவில் இன்னும் சிலரும். இந்தப் பக்கத்தில் தன் பெயரைப் போட்டே எழுதச் சொன்னார் அண்ணன். "மாப்ள ஊதுனதையும் எழுது. அவருக்கும் பேரு வேணும்ல?"

சென்னைக்குக் கிளம்புகிற அன்று சுபா லேப்டாப்பை மூடிவிட்டுச் சொன்னாள்: "இப்பதான்ப்பா கணக்கு சரியா இருக்குது."

"நான் சேந்ததுல சராசரி எறங்குச்சா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத படிப்பு.

"கொஞ்சம் எறங்குச்சுப்பா."

ஹெட்மாஸ்டர் அன்றைக்குச் சொன்னது சரிதான்!